நாலாம் நம்பர் கிரேன்

"நாலாம் நம்பர், கீழ இறங்குங்க," என்று அவள் இரண்டாவது முறையாக வாக்கிடாக்கியில் சொன்னாள்.



துறைமுகக் கட்டுப்பாட்டு அறையின் ஜன்னலிலிருந்து நான்கு கிரேன்களும் தெரியும். மூன்று, கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டன. அவற்றின் ஓட்டுநர்கள் இறங்கி, சக்கரங்களைத் தரையோடு பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். நான்காவது மட்டும் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே ஒரு கன்டெய்னரைத் தொங்கவிட்டிருந்தது.

அதன் கேபினில் இருந்தவருக்குப் பருந்து என்று பெயர். ஏறினால் வேலை முடியாமல் இறங்கமாட்டார். அவளுக்கு முன் கட்டுப்பாட்டு அறை நாற்காலியில் இருந்தவர்கள் அவரோடு மல்லுக்கட்டி ஓய்ந்துபோனவர்கள். அவள் வந்து ஒரு வாரம்தான் ஆகிறது.

திரையில் காற்றின் வேகம் மணிக்கு ஐம்பத்தெட்டு கிலோமீட்டர். எழுபத்திரண்டைத் தொட்டால்தான் கிரேனை நிறுத்த வேண்டும் என்பது விதி.

"இன்னும் நேரம் இருக்கும்மா," என்றார் பின்னால் நின்ற மேலாளர். "அஞ்சாறு பெட்டிதான் பாக்கி. முடிச்சுட்டே வரட்டுமே."

புயல் காலையிலிருந்து கரையை ஒட்டியே வடக்கு நோக்கி ஏறி வந்துகொண்டிருந்தது. அது கடந்த ஒவ்வொரு துறைமுகத்துக்கும் போன் போட்டு, அங்கே காற்று எப்படி என்று அவள் கேட்டபடி இருந்தாள். தெற்கே பக்கத்துத் துறைமுகத்துக்காரர் சற்று முன் சொன்னது இன்னும் காதில் நின்றது.

"அம்பதுலதான் இருந்துச்சுங்க. ஒரு டீ குடிச்சுட்டு வந்து பாக்குறேன், தொண்ணூத்தஞ்சு."

கிரேன் கேபினிலிருந்து ஏணி வழியாகத் தரைக்கு வரவும் ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகும்.

"எழுபத்திரண்டு வந்தப்புறம் சொன்னா, தொண்ணூறு அடிக்கிறப்போ அவர் ஏணியில இருப்பார் சார்," என்றாள். "எதுவானாலும் என் பேர்ல போட்டுக்குங்க."

மறுபடி பொத்தானை அழுத்தினாள். குரலை உயர்த்தவில்லை.

"நாலாம் நம்பர். கையில இருக்கிற பெட்டியைக் கரையில வச்சிட்டு இறங்குங்க. நான் சொல்றேன்."

மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சரிங்க மேடம்," என்றது வாக்கிடாக்கி.

கன்டெய்னர் தரையில் உட்கார்ந்தது. கிரேனின் கை மெல்ல மேலே எழுந்தது. ஏணியில் ஒரு மஞ்சள் சட்டை தெரிந்தது. அவள் திரையை விட்டுவிட்டு அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் தரைக்கு வந்து, பூட்டுகளைப் போட்டுவிட்டு, பாதித் தூரம் நடந்திருப்பார். காற்று ஒரே மூச்சில் வந்து விழுந்தது. கிடங்குக் கூரையிலிருந்து ஒரு தகரம் பிய்ந்து பறந்து, அவர் இறங்கிவந்த ஏணியில் காகிதம் போலச் சுற்றிக்கொண்டது.

திரையில் தொண்ணூற்றொன்று.

அவள் தண்ணீர் குடித்தாள். பிறகு வடக்கே அடுத்த துறைமுகத்துக்குப் போன் போட்டாள். "வேகத்தைப் பாத்துட்டு இருக்காதீங்க. ஆளுங்களை இப்பவே இறக்கிடுங்க."

கதவு திறந்தது. சொட்டச் சொட்ட நனைந்தபடி பருந்து உள்ளே வந்தார். சண்டை வந்துவிடுமோ என்று மேலாளர் நடுவில் போய் நின்றுகொண்டார்.

பருந்து அவர் தோளுக்கு மேலாக அவளை எட்டிப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. சொல்லப்போனால் கொஞ்சம் பெருமை இருந்தது.

"சின்னதுல மொட்டைமாடித் தண்ணித்தொட்டி மேல ஏறி உக்காந்துக்குவா சார்," என்றார் மேலாளரிடம். "கீழ நின்னு இறங்கு இறங்குன்னு கத்தி என் தொண்டை கட்டிக்கும். ஒருநாளும் சொன்னதும் இறங்கினதில்ல."

மேலாளர் அவரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அந்த ஒரு வாரத்தில் முதல் தடவையாக இரண்டு பேருடைய மூக்கையும் சேர்த்துப் பார்த்தார்.

அவள் தன் செல்போனை எடுத்து நீட்டினாள்.

"அம்மாகிட்ட நீங்களே பேசுங்கப்பா. இறங்கிட்டீங்கன்னு நான் சொன்னா நம்பமாட்டாங்க."