சிவராத்திரி வரைக்கும்

நகம் மட்டும் வெட்டினால் போதும் என்று சொல்லியிருந்தார்கள்.

அவள் கத்தரியை எடுத்துவிட்டாள்.

மேஜை மேல் நின்ற நாய் இடது முன்னங்காலை ஊன்றவே இல்லை. அவள் அதன் அக்குளுக்குள் விரலை நுழைத்துப் பார்த்தாள். நுழையவில்லை. கம்பளி எது, முடி எது என்று தெரியாமல் இரண்டும் ஒரே கட்டியாக இறுகிக் கிடந்தன. நாய் குரைக்கவில்லை, உறுமவில்லை. அவளைப் பார்த்தது, அவ்வளவுதான். ஒரு கடி கடித்திருந்தால்கூட அவளுக்கு மனசு ஆறியிருக்கும்.

அதன் பெயர் மேஜர். நீளக் காதுகளும் மெத்தென்ற முடியும் கொண்ட ஸ்பானியல். உடம்பு முழுக்கச் சிவப்பு ஸ்வெட்டர், அதில் வெள்ளைப் பூ.

குன்னூரில் அந்த ஸ்வெட்டரை அறியாதவர்கள் கிடையாது. பின்னுவது மேஜரின் எஜமானி வசுந்தரா அம்மாள். கோயம்புத்தூரிலிருந்து வந்து குடியேறியவர். கீழேயிருந்து வந்தவர்களுக்குத்தான் மலைக்குளிரைப் பற்றி எல்லாம் தெரியும், கேட்காமலே சொல்லவும் செய்வார்கள். ஐப்பசியில் ஊர் நாய்களுக்கெல்லாம் அளவெடுப்பார். கார்த்திகை பிறந்ததும் மாட்டிவிடுவார். பித்தான் வைத்தால் கடித்துக் கழற்றிவிடும் என்று வயிற்றுப் பக்கம் ஊசி நூலால் தைத்தேவிடுவார்.

பிரிப்பது சிவராத்திரி அன்று.

அதுவரை குளியல் கிடையாது, சீப்பும் கிடையாது.

நாய்களுக்கு முடியும் நகமும் வெட்டும் அந்தக் கடையின் வாசல் பக்கக் கொடியில், அவர் பின்னிய புது ஸ்வெட்டர்கள் விற்பனைக்குத் தொங்கின. சீவாமல் மூடி வைத்தால் முடி சடை பிடித்துத் தோல் புண்ணாகும் என்று அவள் கடைக்காரர் எபனேசரிடம் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். நீ நகத்தைப் பாரு என்றார். இரண்டு தடவையும் அதே பதில்.

"அம்மா, இதைப் பிரிக்கணும்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த வசுந்தரா அம்மாள் பதறி எழுந்தார். "என்ன அம்மிணி, வெளையாடறியா? இந்த மார்கழிக் குளிருல பிரிச்சா அது செத்துப்போயிரும்."

எபனேசர் கல்லாவிலிருந்து தொண்டையைக் கனைத்தார். அந்தக் கனைப்புக்கு அர்த்தம் அவளுக்குத் தெரியும். இந்த வேலை போனால் மறுபடி தேயிலைக் கூடைதான். எட்டு மாதமாகத்தான் அவள் முதுகு நிமிர்ந்திருக்கிறது.

பயமாகத்தான் இருந்தது. கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

முதல் தையலை வெட்டினாள்.

இரண்டாவது. மூன்றாவது. வெள்ளைப் பூ நடுவில் பிளந்தது. அக்குளுக்கு வந்தபோது கத்தரியை வைத்துவிட்டு முடி வெட்டும் மெஷினை எடுத்தாள். தோலை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, அடியோடு ஒட்ட, அவசரப்படாமல் ஓட்டினாள். முடியும் கம்பளியும் ஒரே பாளமாகக் கழன்று வந்தன. ஈரச் சாக்கின் நாற்றம் கடை முழுக்கப் பரவியது.

அடியில் தோல் சிவந்து, கசிந்துகொண்டிருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு.

வசுந்தரா அம்மாள் பார்த்தார். முகம் வெளுத்தது. பிறகு சொன்னார்:

"இப்பக் காத்துப் பட்டதுனால வந்தது இது."

பதில் சொல்ல அவளுக்கு வாய் துறுதுறுத்தது. புண்ணைத் துடைத்தாள்.

எபனேசர் எழுந்தே வந்துவிட்டார். "ஏப்ரனைக் கழட்டி வெச்சிட்டு வீட்டுக்குப் போ. நாளையிலேர்ந்து வர வேணாம்."

"இதை முடிச்சுட்டுப் போறேன் சார்."

"இப்பவே போ."

அவள் வலது அக்குளுக்கு மாறினாள். பிறகு கழுத்து. பிறகு வயிறு. ஹீட்டரை மேஜைப் பக்கம் இழுத்து வைத்து, காய்ந்த துண்டால் மேஜரைச் சுற்றி, மெதுவாகத் தேய்த்துவிட்டாள். தேய்க்கத் தேய்க்க, நாய் தூக்கியிருந்த காலை மேஜையில் வைத்தது. எடுத்தது. மறுபடி வைத்தது. இந்த முறை எடுக்கவில்லை.

வசுந்தரா அம்மாள் அதையும் பார்த்தார். பார்த்துவிட்டுக் கொடியிலிருந்து ஒரு புது ஸ்வெட்டரை உருவினார். நீலம். கைப்பையைத் திறந்து ஊசியை எடுத்தார்.

"இதை மாட்டு. நான் தெச்சுக்கறேன்."

"மாட்ட மாட்டேன்மா."

இவ்வளவு சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. சொன்ன பிறகு குறைத்துக்கொள்ளவும் இல்லை.

"ராத்திரி வீட்டுக்குள்ள படுக்க வைங்க. அது போதும்."

கார்ப்பெட் கெட்டுவிடும் என்று வசுந்தரா அம்மாள் மேஜரை வராந்தாவைத் தாண்டி உள்ளே விட்டதில்லை. அது குன்னூருக்கே தெரியும்.

பெஞ்சின் கடைசியில் பழுப்பு நிறக் கோட்டுப் போட்ட ஒருவர், மடியில் ஒரு வெள்ளை நாயோடு, நடப்பதையெல்லாம் பார்த்தபடி இருந்தார். அந்த நாய்க்கும் ஸ்வெட்டர். பச்சை. மெதுவாக அவர் அதன் கழுத்துக்குக் கீழே விரலை நுழைத்தார்.

விரல் நின்றுவிட்டது.

இன்னொரு பக்கம் நுழைத்துப் பார்த்தார். விரலை முகர்ந்தார். பிறகு எழுந்து வந்து நாயை மேஜை மேல், மேஜருக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"சார், அவளை வேலையை விட்டு அனுப்பியாச்சு" என்றார் எபனேசர்.

மனிதர் அசையவில்லை. நாயின் தலையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

ஊசி, வசுந்தரா அம்மாளின் கையில் அப்படியே இருந்தது.

அவள் அந்த நாயின் பெயரைக் கேட்டாள்.