சுவிட்சில் ஒரு கை

ஃபிரிட்ஜை ஒட்டிய முக்காலியில் ஹாஜரா பீவி, பாயில் கடிதம் எழுதும் நாத்தனார் சுல்தான், கதவோரப் பெஞ்சில் மாமனார் சேக் தாவூது. மூவர் கண்ணும் தலைக்கு மேல் தொங்கும் பல்பில் இருக்கிறது. சாரல் காற்றில் தெருக்கம்பிகள் உரசும்போதெல்லாம் அது மஞ்சளாய்ச் சுருங்கி, சட்டென்று கரண்ட் ஏறிக் கண் கூச வெளுக்கிறது. வெளுத்ததும் ஹாஜரா ஃபிரிட்ஜ் சுவிட்சை அணைக்கிறாள். ஃபிரிட்ஜ் ஒருதரம் உதறி அடங்குகிறது. பல்பு தணிந்ததும் மறுபடி போடுகிறாள். போட்டே வைத்தால், அடுத்த வீட்டு ஃபிரிட்ஜ் புகைந்த மாதிரி இதுவும் புகையும். அணைத்தே வைத்தால், மகள் ஜுலைகாவுக்காக உள்ளே வைத்திருக்கும் சர்க்கரை நோய் ஊசி மருந்து கெட்டுப்போகும். தென்காசிக் கடைகளில் வேறு மருந்து இல்லை.

“பல்பைப் பாக்கதுல பாதி அண்ணனைப் பாத்திருந்தா, அவன் துபாய்க்கே போயிருக்க மாட்டான் மைனி,” என்கிறாள் சுல்தான். “ஸ்டெபிலைசர் கொடுத்துவிடச் சொல்லி எழுதிட்டேன். பயமா இருக்குன்னும் எழுதட்டா?”

“வேண்டாம்ட்டி. அங்கன அவுகளுக்குச் சோறு இறங்காது.”

“வெரசா தாங்க. கடுதாசி கொண்டுபோற ஹபீபுல்லா துபாய்க்குக் கிளம்பிருவான்,” என்று மாமனார் எழுந்திருக்கிறார்.

சுல்தான் சோற்றுப் பருக்கையால் உறையை ஒட்டுகிறாள். புருஷனுக்குப் போகும் கடிதத்தைப் பெண்சாதிதான் அல்லாவின் பெயரால் பிஸ்மி சொல்லிக் கொடுக்க வேண்டும். பல்பு மறுபடி வெளுக்கத் தொடங்குகிறது. வலது கையைச் சுவிட்சிலிருந்து எடுக்காமல், ஹாஜரா இடது கையால் உறையை நீட்டுகிறாள். இடது கையால் தந்தால் தண்ணீர்கூட வாங்காத மாமனார், பல்பை ஒருதரம் பார்த்துவிட்டு அதை வாங்கிக்கொண்டு சாரலில் இறங்குகிறார்.