பத்தாத சட்டை

“நாப்பத்தாறு வயசு ஆளுக்குக் கிறிஸ்மஸ் சட்டை எதுக்குங்க? அதுவும் வருஷா வருஷம் பத்தாத சட்டை!”

பஸ் ஏறும்போது அவள் ஆரம்பித்த பேச்சு, இறங்கும் இடம் நெருங்கியும் ஓய்ந்தபாடில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவனின் மடியில் ஒரு துணிக்கடைப் பை. அதற்குள் அவனுடைய அக்கா கிறிஸ்மஸுக்கு அனுப்பிய சட்டை.

“அக்கா ஆசையா அனுப்புறா. விடேன்.”

“ஆசை இருக்கு, அளவு இல்லையே! போன வருஷம் கழுத்துப் பட்டன் போட முடியல. அதுக்கு முந்தின வருஷம் கை, மணிக்கட்டு வரைக்கும்கூட வரல. இந்த வருஷம் உள்ள எடுத்துட்டுப் போய்ப் போட்டுப் பாத்துட்டு, வெளியே வந்ததுமே ‘பத்தல’ன்னுட்டீங்க. துணிக்கடையில வேலை பாக்கறவங்களுக்குச் சொந்தத் தம்பியோட அளவு தெரியாதா?”

“வேலை மும்முரத்துல கவனிச்சிருக்க மாட்டா.”

“கிறிஸ்மஸ் குழந்தைங்களுக்குங்க. பரிசு, ரிப்பன் எல்லாம் அதுங்களுக்குச் சரி. பெரியவங்க எதுக்கு மாத்தி மாத்திக் குடுத்துக்கணும்? உங்களுக்குக் கிடைக்கிறதே ஒரு நாள் லீவு. அதுவும் சட்டை மாத்தறதுலயே போயிடுது. இனிமே பரிசே வேண்டாம்னு இன்னைக்கு நானே அண்ணிகிட்ட பக்குவமா சொல்லிடறேன்.”

பல் மருத்துவமனை வரவேற்பில் உட்கார்ந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடமே ‘இன்னைக்கு டாக்டர் வரமாட்டாருங்க’ என்று நோகாமல் சொல்லி அனுப்புகிறவள் அவள். நாத்தனாரிடம் பேசுவதா பெரிய காரியம்! லிஃப்ட் மெக்கானிக்கான அவனோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவனை வளர்த்தது அக்காதான். அம்மா கண்ணை மூடியபோது அவன் அரை டிராயர் பையன். அக்கா தன் படிப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு இதே துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்; தம்பி படித்தான். அதற்கு நன்றி சொல்ல அவன் வாயெடுத்தாலே, “போடா, பெரிய மனுஷா!” என்று வெட்டிவிடுவாள். சும்மா பார்க்க வந்தாலோ, “வேலைவெட்டி இல்லையா உனக்கு?” என்று திட்டு விழும். அவளாக வீட்டுக்கு வரலாம் என்றால் கடையில் லீவு கிடைத்தால்தானே?

கடையில் கிறிஸ்மஸ் முடிந்த கூட்டம் முண்டியடித்தது. துணி மாற்றித் தரும் கவுன்டரில்தான் அக்கா நின்றிருந்தாள். தம்பியைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

“வாடா! வாம்மா! நீயும் வந்தியா? என்னடா விஷயம்?”

“சட்டை பத்தலக்கா.”

“பத்தலையா?”

மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள் சொல்லாமல், பெரியதாக ஒரு சட்டையை எடுத்துக் கொடுத்து அவனை ட்ரையல் ரூமுக்கு அனுப்பினாள்.

இதுதான் சமயம் என்று மனைவி நெருங்கி நின்றாள்.

“அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. நாம எல்லாம் பெரியவங்க ஆயிட்டோம். இனிமே நமக்குள்ள இந்தக் கிறிஸ்மஸ் பரிசெல்லாம் வேண்டாமே. உங்களுக்கும் சிரமம், அளவும் சரியா அமைய மாட்டேங்குது…”

நாத்தனார் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“ஒண்ணு சொல்றேன், அவன்கிட்ட மூச்சு விடக் கூடாது. அவனுக்கு முதல் டவுசர்லேர்ந்து எடுத்துக் குடுத்தவ நான். எனக்கா அளவு தெரியாது? வேணும்னேதான் சின்னதா அனுப்புவேன்.”

“வேணும்னேவா? ஏன் அண்ணி?”

“சரியா இருந்தா ‘நல்லா இருக்குக்கா’ன்னு போன்ல சொல்லிட்டு வச்சுடுவான். பத்தலன்னாதானே மாத்த வருவான்? கடையில நிக்கிறவன் கஸ்டமர். வேலையைப் பாருன்னு நானும் விரட்ட முடியாது, பேசாதேன்னு மேனேஜரும் சொல்ல முடியாது. வருஷத்துக்கு ஒரு தடவை எம்பிள்ளையைக் கண்குளிரப் பாத்துக்குவேன்.”

மனைவி பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்செல்லாம் எங்கே போயிற்றோ! தன் கணவனை ஆளாக்கிக் கொடுத்தவளிடமா குறை சொல்ல வந்தோம் என்று வெட்கமாக இருந்தது.

“நீங்க இல்லன்னா அவரு ஏது, எங்க குடும்பம் ஏது அண்ணி? நான் சொன்னதை மறந்துடுங்க. வருஷா வருஷம் அனுப்புங்க. நானும் கூட வர்றேன்” என்று கவுன்டருக்கு மேலாகக் கையை நீட்டி நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நாத்தனார் அந்தக் கையைத் தட்டிக் கொடுத்தாள். நெற்றிச் சுருக்கம் மட்டும் போகவில்லை.

“ஆனா எனக்கு ஒண்ணு புரியலம்மா. லீவு நாள் வீணாகுதுன்னு போன மாசம் போன்ல சொன்னியா, பாவமாப் போச்சு. இனி அவனை அலைய விடக் கூடாதுன்னு, இந்தத் தடவை அவன் அளவுச் சட்டையைத்தான் அனுப்பினேன்!”

ட்ரையல் ரூம் கதவு திறந்தது. தோள் தையல் பாதிக் கையில் தொங்க, விரல் நுனி மட்டும் வெளியே தெரிய, அவன் கண்ணாடி முன்னால் வந்து நின்றான்.

“பாத்தியாக்கா, இப்பதான் கச்சிதமா இருக்கு!”

“போதும், கழட்டுங்க” என்றாள் மனைவி, சிரிப்பையும் கண்ணீரையும் ஒன்றாக அடக்கியபடி. “அண்ணி இந்த வருஷம் சரியான அளவுலதான் அனுப்பியிருக்காங்களாம்.”

அவன் அசடு வழிய அக்காவைப் பார்த்தான்.

“அடுத்த வருஷம் வழக்கம்போல வேணும்னே சின்னதா அனுப்பிடுக்கா, எனக்குப் பொய் சொல்ல வராது.”