மூச்சு வாங்கும் நேரம்

“அப்பா வேகமா ஓடிட்டு வந்ததும் கேளு. அப்ப மூளை வேலை செய்யாது, எதுக்கும் தலையாட்டிடுவார். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் அப்படித்தான் வாங்கினேன்” என்று முதல் நாளே மகளின் காதைக் கடித்திருந்தாள் அம்மா.

காலையில் அப்பா புஸ்புஸ்ஸென்று மூச்சு வாங்கியபடி வந்தார். மகள் மென்று முழுங்கி, தான் காதலிப்பவனைப் பற்றிச் சொன்னாள்.

“ம்... சரி... அவனையே கட்டிக்கோ!”

மகள் துள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

துவைப்பதற்காக அவருடைய டி-ஷர்ட்டை வாங்கிய அம்மா திகைத்தாள். ஒரு பொட்டு வியர்வைகூட இல்லை.

“ஏங்க, நீங்க ஓடவே இல்லையா?”

“பார்க் பெஞ்சுலதான் உட்கார்ந்திருந்தேன். நேத்து நீங்க குசுகுசுத்தது காதுல விழுந்துச்சு. ஃப்ரிட்ஜ்னா பரவாயில்லை. பொண்ணோட வாழ்க்கையாச்சே, மூளை வேலை செய்யும்போதுதானே சரின்னு சொல்லணும்?”