தீப்பெட்டிச் சிலந்தி

வாழைப்பழத்தைச் சர்க்கரைப் பாகில் புரட்டும்போதெல்லாம், மணிலா நகரச் சந்தில் சிறுவயதில் கேட்ட பாட்டு கப்பல் சமையல்காரன் ரோடெலின் வாயில் தானாக வரும். அந்த வயதில் அங்கே பையன்கள் தீப்பெட்டிக்குள் அட்டைத் தடுப்பு வைத்து இரண்டு சிலந்திகளை வளர்ப்பார்கள். ஈர்க்குச்சியின் இரு முனையிலும் விட்டுச் சண்டை மூட்டுவார்கள். தோற்றதை வென்றது நூலால் சுற்றிக் கட்டிவிடும். முப்பது வருடம் கழித்து, இன்று பழக்கூடையில் இரண்டு சிலந்திகள் அகப்பட்டிருந்தன. அதேபோல் தீப்பெட்டியில் அடைத்து வைத்திருந்தான்.

சிகரெட்டும் கையுமாக வந்த தூத்துக்குடி மாலுமி லூர்துராஜ் தீக்குச்சி எடுக்க அந்தப் பெட்டியைத் திறந்தான். "யம்மா!" என்று கையை உதறிப் பெட்டியைக் கீழே போட்டு, ஓடிய சிலந்தியைச் செருப்பால் நசுக்கினான்.

பாட்டு நின்றது.

"யோவ், பூச்சிக்குப் போயா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

ரோடெலுக்குத் தமிழ் புரியவில்லை, லூர்துராஜின் சிரிப்பு புரிந்தது. கொதிக்கும் பாகை ரோடெல் அள்ளி அந்த முகத்தில் வீசினான். அலறிச் சரிந்தவனை இரும்புக் கரண்டியால் அடித்துக்கொண்டே இருந்தான், ஊரில் இதே காரணத்துக்காக அண்ணனின் பல்லை உடைத்தபோது அடித்த மாதிரியே. கை ஓய்ந்ததும், விட்ட இடத்திலிருந்து பாட்டு வந்தது.

தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த சிலந்தி மெல்ல வெளியே வந்தது. தரையில் நீண்டு கிடந்த விரலில் ஏறி, நூலைச் சுற்ற ஆரம்பித்தது.