தண்ணீருக்குள் காய்ந்தது

திருத்துறைப்பூண்டியிலிருந்து முதல் பேருந்தில் அண்ணன் நெடுமாறன் ஈரத்துண்டில் சுற்றிக் கொண்டுவந்த நெற்பயிர் மேசையில் கிடக்கிறது. வயலில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றும் பயிர் ஏன் வாடுகிறது என்று அவருக்குப் புரியவில்லை. "ஏதோ நோவுதான். என்ன மருந்துன்னு மட்டும் சொல்லும்மா" என்கிறார். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் தங்கை கனிமொழி பயிர்த்தண்டின் அடியிலிருந்து மெல்லிய தோலை உரித்துக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, நுண்ணோக்கியில் குனிகிறாள். ஜன்னல் வெயில் அவள் புறங்கையில் விழுகிறது. செங்கல் அடுக்கியதுபோல் செல்கள் வரிசையாகத் தெரிகின்றன. சுவர்கள் நேராகத்தான் நிற்கின்றன. உள்ளே நிறைந்திருக்க வேண்டிய உயிர்ப்பொருள் சுவரை விட்டு விலகி, நடுவில் சுருண்டு கிடக்கிறது. "அண்ணே, புயலன்னிக்குக் கடல்தண்ணி வாய்க்கால்ல ஏறுச்சா?" "ஏறுச்சு. மறுநாளே மழை பேஞ்சு உப்பையெல்லாம் அடிச்சிட்டுப் போயிருக்குமே." அவள் தகட்டின் ஓரத்தில் நல்ல தண்ணீர் ஒரு சொட்டு விடுகிறாள். உயிருள்ள செல் என்றால் நீரை இழுத்துக்கொண்டு மறுபடி சுவரைத் தொடும். பத்து நிமிடம் போகிறது. ஒன்றுகூட அசையவில்லை. தகட்டை நகர்த்துகிறாள்; அடுத்த வரிசை, அதற்கடுத்த வரிசை. "பயிருக்குள்ள தண்ணி போகலண்ணே. உள்ள இருந்த தண்ணியையும் உப்பு வெளிய இழுத்துடுச்சு." அவர் நம்பாமல் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்க்கிறார். பிறகு நிமிர்ந்து, கைபேசியை எடுத்து மனைவியைக் கூப்பிடுகிறார். "மருந்தடிக்க வந்த ஆளுங்கள வீட்டுக்குப் போகச் சொல்லிடு, பாரதி."