ஆள் எங்கே?

அந்த மலைநாட்டுப் பேருந்தில் செண்பகவல்லி ஒருத்திதான் வெளிநாட்டுக்காரி. பக்கத்தில் இருந்த பெண் அவளுடைய தாலிச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்து, ஆள் எங்கே என்று சைகையால் கேட்டாள். நான்கு நாட்களாக எல்லோரும் கேட்பது இதைத்தான்.

செண்பகவல்லி கணவனின் புகைப்படத்தை எடுத்து நீட்டினாள். இந்த நாட்டில் சாலை போடும் வேலைக்கு வந்தவனிடமிருந்து இரண்டு மாதமாகத் தகவல் இல்லை. அவனைத் தேடித்தான் வந்திருந்தாள். படத்தைப் பார்த்தவர்களோ அதைத் தங்கள் கேள்விக்குப் பதிலாக எடுத்துக்கொண்டார்கள். அழகாக இருக்கிறான் என்று ஒருத்தி கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். படம் கைமாறிப் பின்னால் போனது. ஒருத்தி ரொட்டி கொடுத்தாள். இன்னொருத்தி எத்தனை பிள்ளைகள் என்று விரல்களை விரித்துக் கேட்டுச் சிரித்தாள்.

“காணோம்மா! இவரக் காணோம்! யாராச்சும் பாத்தீங்களா?” செண்பகவல்லி கத்திவிட்டாள்.

மொழி புரியாவிட்டாலும் சிரிப்பு நின்றது. கடைசி இருக்கைப் பெண் மட்டும் படத்தைத் திருப்பித் தராமல் மறுபடி உற்றுப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் ஓட்டுநரின் தோளைத் தட்டினாள். வண்டி நின்றதும், செண்பகவல்லியின் முகத்தைப் பார்க்காமல், சாலையோரம் தெரிந்த புதுக் கல்லறைகளை நோக்கிக் கையை மட்டும் நீட்டினாள்.